சொல்லாத குறை

பழைய பொருள் ஒன்று விற்கப்படும்போது விலை மட்டுமே வாய்விட்டுப் பேசப்படுகிறது. ஆயினும், விற்பவர் அறிந்ததும் வாங்குபவர் அறியாததுமான ஏதோ ஒன்று, பேசப்படாமலே பொருளோடு சேர்ந்து கைமாறுகிறது. அதனை எடுத்துச் சொல்லும் கடமை விற்பவரைச் சேர்ந்ததா? கேட்டும் ஆராய்ந்தும் அறியும் கடமை வாங்குபவரைச் சேர்ந்ததா? வாணிகம் தோன்றிய நாள்தொட்டு மனிதரின் மனச்சான்றை உறுத்தி வரும் இவ்வினா, நகரத்துக் கடைத்தெருவைவிட நாட்டுப்புறத்தின் உள்ளொதுங்கிய இடங்களிலேதான் மிகுந்த கூர்மை பெறுகிறது.

பகாங் மாநிலத்தின் உட்பகுதியில் பத்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒரு சிறுதோட்டக்காரரை எண்ணிப் பார்க்கலாம். பல்லாண்டுகள் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவர் ஒரு பழைய டிராக்டர் வாங்க முனைகிறார். புதியது அவர் கைக்கு எட்டாதது. வெட்டிய செம்பனைக் குலைகளோ ஏறத்தாழ 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சென்றடைய வேண்டியவை. காலந் தாழ்த்தினால் நசுங்கிய பழங்களில் கொழுப்பு அமிலம் பெருகி எண்ணெயின் தரம் கெடும். மழைக்காலத்துச் செம்மண் பாதையில் லோரி நுழையாது. டிராக்டரும் அதன் பின்வண்டியுமே குலைகளைப் பெருஞ்சாலை வரையில் இழுத்து வருதல் வேண்டும். பட்டறையோ நெடுந்தொலைவில் உள்ள சிற்றூரில் இருக்கிறது. நகரத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டால் அது ஒரு நாளைய தொல்லை. அங்கே நின்றுவிட்டால் ஒரு சுற்று அறுவடை மரத்தடியிலேயே அழுகிப்போகும். ஆகவே, அவர் வாங்க விரும்புவது உண்மையில் ஓர் இயந்திரத்தை அன்று, நம்பிக்கையையே ஆகும். அந்த நம்பிக்கையை விற்பவர் எந்த அளவுக்குத் தரக் கடமைப்பட்டவர்?

சட்டம் இவ்வினாவுக்குத் தரும் விடை வியப்பூட்டுவது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி அமைந்தது. மோசடி யாது என்பதனை விளக்கும் அதன் 17ஆம் பிரிவு ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதனை ஏலத்தில் விற்கிறார். குறையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. இது மோசடி ஆகாது. ஆனால், வாங்குபவள் அவருடைய சொந்த மகளாகவும், அண்மையிலேதான் உரிய வயதை அடைந்தவளாகவும் இருப்பாளாயின், அந்த உறவின் காரணமாகக் குறையைக் கூறுவது அவருடைய கடமையாகிவிடுகிறது. மேலும், 'நீர் மறுத்துரைக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே கொள்வேன்' எனும் பொருள்பட வாங்குபவர் சொல்லி, விற்பவர் வாய்மூடி இருப்பாராயின், அம்மௌனமும் பேச்சாகவே கருதப்படும். குதிரை அதே குதிரை. குறையும் அதே குறை. எதிரே நிற்பவர் யார், அவர் என்ன கேட்டார் என்பவற்றைப் பொறுத்தே மௌனத்தின் பொருள் மாறுகிறது. சட்டம் மகளுக்கு ஒரு நீதியும் அயலாருக்கு ஒரு நீதியும் வகுக்கலாம். அறமும் அவ்வாறே வகுக்குமோ?

இதே சிக்கலை உரோமானிய அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஆராய்ந்தார். உளுத்துப்போன மரங்களை உடைய ஒரு வீட்டை, அக்குறை தனக்கு மட்டுமே தெரிந்த நிலையில் ஒருவர் விற்கிறார். பாபிலோனிய டயோஜெனிசு என்னும் மெய்யியலார், 'வாங்கும்படி எவரையும் அவர் வற்புறுத்தவில்லையே. தமக்கு விருப்பமானதை வாங்கியவர் ஏமாற்றப்பட்டவர் ஆவாரோ?' என்னும் கருத்தினர். அவருடைய மாணவர் அந்திபேட்டரோ, வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருத்தலினும் கொடிது இது. ஏனெனில் இங்கே ஒருவன் தெரிந்தே தவறான வழியில் செல்லும்படி விடப்படுகிறான் என்றார். சிசரோ மாணவரின் பக்கமே சாய்ந்தார். சொல்லாதிருத்தல் எல்லாம் மறைத்தல் ஆகாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், அறிந்தால் பயன்பெறக்கூடியவர் அறியாதபடி, தன் ஆதாயத்துக்காக ஒன்றை அடக்கி வைப்பது மறைத்தலே என்று வரையறுத்தார்.

இவ்வாறு கூறுவதால் வாங்குபவரின் கடமை ஒழிந்துவிடுவதில்லை. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தருவன என்பது திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம் இறுதியாக உணர்த்தும் கருத்து. ஆட்களைத் தேர்வதற்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை இயந்திரத்துக்கும் பொருந்தும். காலையில் சென்று, இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். குளிர்ந்த நிலையிலும் அது எளிதில் உயிர்பெறுகிறதா என்பதே உண்மையான தேர்வு. முன்னதாகவே சூடேற்றி வைக்கப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. விடாமல் வரும் நீலப்புகை எண்ணெய் எரிவதையும், பால்போல் வெளுத்த எண்ணெய் அதனுள் நீர் கலந்திருப்பதையும் காட்டும். பாரமான கருவியைத் தூக்கிய நிலையில் இயந்திரத்தை நிறுத்தினால், அது விரைந்து இறங்குகிறதா என்பதிலிருந்து நீரியல் தூக்கியின் நிலையை ஊகிக்கலாம். மணிமானி சிறிய எண்ணைக் காட்டும்போது, மிதிகட்டைகள் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பின், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. புதிதாகப் பூசிய வண்ணம் எண்ணெய்க் கசிவை மூடியிருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வகைக்குரிய உதிரிப்பாகங்கள் பக்கத்து ஊரில் கிடைக்குமா, அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் உண்டா என்று விசாரித்தல் வேண்டும். 1964இல் அறிமுகமாகிப் பல நாடுகளிலும் பரவிய மேசி பெர்குசன் 135 போன்ற ஒரு பழைய வகை, எங்கோ ஒன்றிரண்டு மட்டுமே உள்ள புதிய வகையைக் காட்டிலும் ஒதுக்குப்புறத்தில் பெரிதும் உதவக்கூடும்.

ஆயினும், எத்துணை விழிப்போடு ஆராய்ந்தாலும் கண்ணுக்கு எட்டாதவை சில உண்டு. ஒருமுறை நீர் வற்றி இயந்திரம் கொதித்துப் போனதா? இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது பல்லிணை தானாகக் கழன்று விடுவதுண்டா? பிரேக் நனைந்தால் பிடிக்காமற் போவதுண்டா? ஓட்டிப் பார்க்கும் அரைமணி நேரத்தில் இவை வெளிப்படமாட்டா. ஓராண்டு ஓட்டியவருக்கே தெரியும். வாங்குபவரின் ஆராய்ச்சி எங்கே முடிகிறதோ, அங்கே விற்பவரின் கடமை தொடங்குகிறது. பல்லிணை கழன்றால் பணம் மட்டும் போவதில்லை. சரிவில் புரளும் டிராக்டரின் அடியில் ஓர் உயிரும் போகக்கூடும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். விற்பவரும் ஏழையாக இருந்தால் என் செய்வது? மகனின் படிப்புக்காகவோ மனைவியின் மருத்துவத்துக்காகவோ டிராக்டரை விற்பவர், உண்மையைக் கூறி விலையை இழத்தல் வேண்டுமா? வசதி படைத்தவரின் நேர்மையைவிட வறியவரின் நேர்மை விலை மிகுந்தது என்பது மறுக்கவியலாத உண்மை. ஆனால், அவர் இழப்பதாக எண்ணும் தொகை எதற்குரிய விலை என்று ஆராய்ந்தால், அது அவரிடம் இல்லாத நலத்துக்குரிய விலை என்பது புலப்படும். இல்லாததை விற்றுப் பெறும் பணம், இன்னோர் ஏழையின் வீட்டிலிருந்தே வருகிறது. வறுமை அவர்மீது இரக்கம் கொள்ளச் செய்யலாம். தம் சுமையை அறியாதவர் ஒருவரின் தோளில் இரவோடிரவாக ஏற்றிவிடும் உரிமையை அது தந்துவிடாது.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று அறம் கட்டளையிடுவதும் இல்லை. தமக்கு ஏன் பணம் தேவை என்பதையோ, இதைவிட மலிவாக வேறிடத்தில் கிடைக்கக்கூடும் என்பதையோ அவர் கூறவேண்டியதில்லை. வாங்குபவரால் கண்டறிய இயலாததாகவும், அறிந்திருந்தால் அவர் முடிவை மாற்றக்கூடியதாகவும் உள்ள குறை எதுவோ, அதுவே சொல்லப்பட வேண்டியது. 'இதன் உட்பகுதிகளுக்கு என்னால் உறுதி தர இயலாது. அதனால்தான் விலை குறைவு' என்று வெளிப்படையாகக் கூறி விற்பதும் நேர்மையே.

மறைத்தலின் தீமை இருவரோடு நிற்பதும் இல்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய கார்களின் சந்தையை எடுத்துக்கொண்டு இதனை விளக்கினார். 2001இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கொடுக்க முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க எவரும் விரும்பார். நல்லவை சந்தையைவிட்டு விலகக் கெட்டவையே எஞ்சும். ஒருவர் மறைத்த குறைக்காக, குறையில்லாத வண்டியை விற்க வரும் மற்றொருவர் தண்டம் செலுத்துகிறார்.

ஆகவே, குறையை முன்கூட்டியே சொல்லும் விற்பவர் எதைத் தருகிறார் என்பது எண்ணத்தக்கது. 'மூன்றாம் பல்லிணை இறக்கத்தில் கழலும். பாரம் இருந்தால் இரண்டாவதிலேயே வாருங்கள்' என்று அவர் கூறும்போது விலை சற்றுக் குறைகிறது. ஆனால், வாங்கியவர் அதை அறிந்து ஓட்டுகிறார்; பணம் சேர்ந்ததும் சரிசெய்து கொள்கிறார். குறையுள்ள அந்த டிராக்டர், குறை மறைக்கப்பட்ட வேறொன்றைவிட நம்பத்தக்கதாகி விடுகிறது. வணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்று வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் முடிவில் வலியுறுத்தியதன் பொருளும் இதுவே.

சட்டம் மகளையும் அயலாரையும் பிரித்து வைத்தது. நீதிமன்றத்துக்கு ஓர் எல்லை தேவைப்படுவதால் அது பிழையன்று. ஆனால், தொலைதூரத்துச் செம்மண் பாதையில், பொழுது சாயும் வேளையில், வெட்டிய குலைகளோடு டிராக்டர் நின்றுபோகும்போது, அதனருகே தனித்து நிற்பவர் எவருக்கோ தந்தையாகவும் எவருக்கோ மகனாகவும் இருக்கிறார். தம் மகள் வாங்குவதானால் எதைச் சொல்லியிருப்போம் என்று விற்பவர் ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வாராயின், சொல்ல வேண்டியது எது என்பதை அறிய அவருக்கு வேறு நூல் தேவைப்படாது.