தோல்வி என்னும் நீற்றறை

திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஏழு நாட்கள் நீற்றறையில் அடைத்து வைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. நீற்றறை என்பது சுண்ணாம்புக் கல்லைச் சுடும் காளவாய். மும்பையில் தாராவிக்கும் செம்பூருக்கும் அருகே உள்ள சுனாபட்டியின் பெயருக்கும் இதுவே பொருள். 'சூனா' என்றால் சுண்ணாம்பு. 'பட்டி' என்றால் உலை.

தமிழ்க் குடும்பங்கள் வாழும் அந்தப் பகுதியில் ஒரு பெண் செவிலியர் படிப்பை முடித்து, மருத்துவமனையில் இரவுப் பணி செய்துகொண்டே, அமெரிக்காவில் பணிபுரிவதற்கான உரிமத் தேர்வை எழுதுகிறார் எனக் கொள்ளலாம். முதல் முறை தோல்வி. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தோல்வி. வீட்டில் வாங்கிய கடன் நிற்கிறது, உறவினர் விசாரிக்கிறார்கள், உடன் படித்தவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். இனியும் முயல்வது கடமையா, வெறும் பிடிவாதமா? அவருடைய நீற்றறை இந்தக் கேள்விதான்.

தேர்வு எதை அளக்கிறது?

என்கிளெக்ஸ் எனப்படும் அத்தேர்வு மும்பை, சென்னை உள்ளிட்ட சில இந்திய நகரங்களிலும் நடத்தப்படுகிறது. கணினி வினாக்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. விடை சரியானால் அடுத்த வினா கடினமாகிறது, தவறானால் எளிதாகிறது. இதனால் தேர்ச்சி பெறுவோரிலும் பலர் ஏறக்குறைய பாதி வினாக்களுக்கே சரியான விடை தருகின்றனர். 2023 ஏப்ரல் முதல் வினாக்கள் குறைந்தது 85, அதிகபட்சம் 150. நேரம் ஐந்து மணி. எழுதுபவரின் திறன் வரையறுத்த கோட்டுக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது.

அன்று அந்த வினாக்களுக்கு அவர் அளித்த விடைகளையே தேர்வு அளந்தது. நள்ளிரவில் வலியால் துடித்த முதியவரின் அருகில் அவர் நின்ற பொறுமையை அது அளக்கவில்லை. அளப்பதாகச் சொல்லவும் இல்லை. 'நான் தேர்ச்சி பெறவில்லை' என்பது உண்மை. 'நான் எதற்கும் பயனற்றவள்' என்பது அந்த உண்மையின் மீது மனம் ஏற்றிய பொய். விவேகம் என்பது இவ்விரண்டையும் பிரித்தறிவது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. உரிமம் என்ற ஏற்பாடு செவிலியரை அவமதிக்க வந்ததன்று. சென்னை மாகாணத்தில் 1926-இலேயே செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நோயாளிக்குக் காவலாகவே இத்தகைய விதிகள் அமைந்தன. ஒரு மருந்தின் அளவில் நேரும் பிழை உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே தேர்வுக் கோட்டைப் பகையாகக் கருதாமல், தன்னை நம்பிப் படுத்திருக்கும் நோயாளியின் பக்கம் நின்று அதைப் பார்ப்பது செவிலியருக்கு அழகு. அவ்வாறு பார்த்தால் மனத்தின் கசப்பு பெரிதும் குறையும்.

விதியும் முயற்சியும்

தொடர்ந்து தோற்றவரிடம் 'எல்லாம் தலைவிதி' என்று சொல்வோர் உண்டு. கர்மக் கொள்கையைச் சோம்பலுக்குத் துணையாக்குவது அக்கொள்கைக்கே இழைக்கும் அநீதி. முன்பு செய்தது இன்று விளைகிறது என்றால், இன்று செய்வது நாளை விளைய வேண்டும் அல்லவா? கீதை போதிக்கும் கர்மயோகம் பலனில் உள்ள பற்றை விடச் சொல்கிறது; செயலில் உள்ள அக்கறையை விடச் சொல்லவில்லை.

தேர்ச்சி பெறாதவருக்கு, எந்தெந்தப் பகுதியில் அவர் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே இருந்தார் என்று காட்டும் அறிக்கை தரப்படுகிறது. மறுபடி எழுதக் குறைந்தது 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். வெட்கத்தால் அந்த அறிக்கையைப் பிரிக்காமல் ஒளித்து வைப்பவர் பலனில் பற்றுக் கொண்டவர். அதை எதிரில் வைத்துத் தம் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்துபவர் கர்மயோகி. பழைய முறையிலேயே படித்துவிட்டுப் புதிய முடிவை எதிர்பார்ப்பது விடாமுயற்சி ஆகாது.

சான்றிதழ் இல்லாத துறவி

1893 மே 31-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் இதே மும்பையிலிருந்து கப்பலேறினார். சிகாகோவை அடைந்தபோது, சர்வமத மகாசபை செப்டம்பரில்தான் கூடும் என்றும், தகுதிச் சான்று இல்லாதவருக்கு இடமில்லை என்றும், பதிவுக்கான காலமும் கடந்துவிட்டது என்றும் அறிந்தார். கையிலிருந்த பணமோ கரைந்துகொண்டிருந்தது. அவர் அந்த விதியைப் பழிக்கவில்லை, பணியையும் கைவிடவில்லை. செலவு குறைவான பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அவருக்கு அறிமுகக் கடிதம் தந்து உதவினார். மூடிய கதவின் முன் அமர்ந்து அழாமல் வேறு வழியில் நடந்ததும், பிறர் உதவியை ஏற்றதும் இங்கே கவனிக்கத்தக்கவை.

எப்போது நிறுத்துவது?

விடாமுயற்சி எப்போதும் அறமாகாது. வெளிநாட்டிலிருந்து எழுதுபவருக்கு ஒவ்வொரு முறையும் கட்டணமே 350 டாலர். தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்தும் அதற்காக நிற்குமானால் கணக்கை மீண்டும் பார்க்க வேண்டும். அப்போது தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'நான் நாடுவது சேவைக்கு ஒரு வாயிலையா, என் அவமானத்துக்கு ஒரு மருந்தையா?' முதலாவதாயின், திருத்திய முறையோடு மீண்டும் எழுதலாம். இரண்டாவதாயின், வெற்றியும் அந்தப் புண்ணை ஆற்றாது. தேர்வை ஒத்திவைத்தோ விட்டுவிட்டோ, கையிலுள்ள பணியைப் பக்தியோடு செய்வது தோல்வியன்று. நோயாளி எந்த நாட்டில் படுத்திருந்தாலும் அவருள் உறைபவன் ஒருவனே.

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. 'என்ன ஆயிற்று?' என்று நாள்தோறும் கேட்பதைவிட, 'சாப்பிட்டாயா?' என்று கேட்பது நலம். தனிமையில் துயரத்தைப் பூட்டி வைப்பவர் மனம் தளர்ந்து விபரீத எண்ணங்களுக்கு ஆளாகலாம். அத்தகையவர் ஒரு பெரியவரிடமோ மருத்துவரிடமோ மனம் திறந்து பேச வேண்டும்.

நாவுக்கரசருக்கு நீற்றறையோடு சோதனை முடியவில்லை. நஞ்சும் யானையும் கடலும் தொடர்ந்தன. அரசன் முறைகளை மாற்றினான்; அவர் இறைவனைப் பாடுவதை மாற்றவில்லை. பின்னாளிலும் உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். நோயுற்ற உடலைத் துடைத்துத் தூய்மை செய்யும் கைகளும் அத்தகைய உழவாரமே. அந்தப் பணியைத் தொடர்பவரின் வாழ்வை எந்தத் தேர்வின் முடிவும் வீணாக்கிவிட முடியாது.