மௌனம் சம்மதமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்பர். கல்யாணப் பேச்சின்போது இதைச் சொல்லி மகிழ்கிறோம். அலுவலகத்திலும் ஆலையிலும் இதையே நம்பி ஆட்களை நடத்துகிறோம். இந்தச் சொல் எவ்விடத்தில் மெய், எவ்விடத்தில் பொய் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என வரிசையாக ஆலைகள். தெற்கே திரும்பினால் ஒரகடம். 1998இல் ஹூண்டாய் கார்களும் 2010இல் ரெனால்ட்-நிசான் கார்களும் இப்பகுதியில் உருவாகத் தொடங்கின. கொரியரும் ஜப்பானியரும் வந்தனர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். நம் ஊர்ப் பிள்ளைகளும் சென்றனர். மொழி பலவாகிவிட்ட இடத்தில் முகமும் கையும்தாம் பேச வேண்டியிருக்கின்றன.

ஆனால் முகத்திற்கும் மொழி உண்டு. நாம் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் 'சரி' என்று பொருள். வெளிநாட்டவருக்கு அது மறுப்பாகத் தோன்றும். ஜப்பானியர் 'ஹாய்' என்று தலையசைத்தால், பல வேளைகளில் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே பொருள். நாமோ உடன்பட்டுவிட்டார் என்று எண்ணிக்கொள்கிறோம். பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது நம் பெண்மக்களுக்கு மரியாதை. நேர்முகத் தேர்வு நடத்துபவருக்கோ அது ஒளிவுமறைவு.

இதனால்தான் வேலை தேடும் பிள்ளைகளுக்கு, "நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, புன்னகை செய்" என்று பயிற்சி தருகிறார்கள். நல்லதே. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. தன்னைப் புரியவைக்கும் கடமை கீழே நிற்பவனுக்கு மட்டுந்தானா? புரிந்துகொள்ளும் கடமை மேலே இருப்பவனுக்கு இல்லையா?

ஆலைக்குள் ஒரு காட்சியைக் காணுங்கள். இயந்திரத்தின் தலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. சிவப்பு எரிந்தால் மேற்பார்வையாளர் ஓடி வருகிறார். 'எனக்கு நலமில்லை' என்று சொல்ல இரும்புக்கு ஒரு வழி செய்து கொடுத்த மனிதன், மனிதனுக்கு என்ன வழி செய்தான்?

2021 டிசம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் திரண்டு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

சாலையில் அமர்ந்ததும் ஒரு மொழிதான். சிறிய குறிகள் பயனற்றுப்போன பின் பிறக்கும் பெரிய குறி. தட்டில் ஒதுக்கிவைத்த சோறு ஒரு சொல். வாடிய முகம் ஒரு சொல். அவற்றைப் படிக்கக் கண் இருந்தால் நெடுஞ்சாலை வரை போக வேண்டியதில்லை.

"அவர்கள் வாய் திறந்து சொல்லலாமே, மேலாளர் என்ன மனத்தைப் படிக்கும் ஞானியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் மார்க்கச் சட்டம் இதற்கு நுட்பமான விடை வைத்திருக்கிறது. நிகாஹுக்குக் கன்னிப்பெண்ணின் மௌனமே அனுமதி என்பது நாமறிந்தது. ஆனால் அது கேட்கப்பட்ட பின் நிலவும் மௌனம். கேளாமலே அனுமானித்த மௌனம் அன்று. ஹனஃபி சட்ட அறிஞர்கள் இன்னும் ஆழ்ந்து சென்றனர். ஏளனமாகச் சிரித்தால் அது சம்மதமாகாது என்றனர். அதைவிடவும் முக்கியமாக, கேட்பவர் அவளுடைய வலீயாக இல்லாமல் அந்நியராக இருந்தால் மௌனம் போதாது, அவள் வாய்திறந்து சொல்லவேண்டும் என்றனர்.

எத்தகைய நீதி இது! நலம் நாடும் தந்தையிடம் காட்டும் மௌனம் வேறு. வேலையைப் பறிக்க வல்லவர் முன் காக்கும் மௌனம் வேறு. முன்னது நாணம், பின்னது அச்சம். அச்சத்தின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது அநீதி.

முகக்குறி தவறாகவும் படிக்கப்படலாம் என்பது உண்மை. ஆகவே குறியைக் கண்டு தீர்ப்பு எழுதவேண்டாம். குறியைக் கண்டதும் கேட்கவேண்டும். கேட்டபின், சொன்னவருக்குத் தீங்கு நேராமல் காக்கவேண்டும். அப்போதுதான் பேசவேண்டிய கடமையும் தொழிலாளியைச் சேரும்.

பாரந்தூக்கிகளை இயக்குவோரிடையே ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு என்று சைகை காட்டும் உரிமை நியமிக்கப்பட்ட ஒருவருக்கே. ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை எவர் காட்டினாலும் உடனே நிறுத்தவேண்டும்; அவர் கடைநிலை ஊழியராயினும் சரியே. பாரம் தலைக்கு மேல் தொங்கும்போது பதவி பார்ப்பதில்லை.

இவ்விதி ஆலைக்கு மட்டும் உரியதன்று. இரவு வேலை முடித்துக் கம்பெனிப் பேருந்தில் வந்திறங்கும் மகளிடம் "சாப்பிட்டாயாம்மா?" என்கிறோம். அவள் "ம்" என்கிறாள். அந்த ஓரெழுத்தில் மனநிறைவு கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒருமுறை அவள் முகத்தைப் பாருங்கள். பிறகு மீண்டும் கேளுங்கள்.