யார் கொடுக்கும் சோறு?

2020 டிசம்பர் 3 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில், தாங்கள் எதிர்த்துப் போராடிய மூன்று வேளாண் சட்டங்கள் பற்றி மத்திய அமைச்சர்களோடு பேச வந்த விவசாயத் தலைவர்கள், அரசு தந்த மதிய உணவைத் தொடவில்லை. தங்களுக்கு வந்த லங்கர் உணவையே, அதாவது சீக்கியப் பொதுச் சமையலின் உணவையே, சாப்பிட்டார்கள். அன்று நடந்த விவாதத்தைவிட அந்தச் சாப்பாடுதான் என்னை யோசிக்க வைக்கிறது. எதை உண்டிருந்தாலும் வயிறு நிறைந்திருக்கும். பசி கேட்பது சோறு மட்டும்தான் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை ஏன் ஒதுக்க வேண்டும்?

உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார்: உடல், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்திறன் நிறைவு. கீழுள்ளது ஓரளவு நிறைந்தால்தான் அடுத்தது தலைதூக்கும் என்றார். இந்த வரிசை மாறுவதுண்டு என்றும் அவரே எழுதினார். அப்படி மாறுவதற்கு நம்மிடம் இன்னும் பழைய சாட்சி உண்டு. சிறையில் கேட்ட தண்ணீர் உடனே வராமல் தாமதித்து வந்ததால், அதைக் குடிக்காமலே சேரமான் கணைக்கால் இரும்பொறை உயிர்விட்டதாகப் புறநானூற்றின் 74ஆம் பாடலுக்கான குறிப்பு சொல்கிறது.

சேரமான் ஓர் அரசன், விவசாயிகளுக்கோ மாற்று உணவு இருந்தது, ஆகவே மறுக்க முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் ஜதீந்திரநாத் தாஸ் அரசனல்லர்; மாற்று உணவும் அவரிடம் இல்லை. அரசியல் கைதிகளை மதிப்போடு நடத்தக் கேட்டு லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாமல் இருந்து, 1929 செப்டம்பர் 13 அன்று இறந்தார். இவர்களெல்லாம் அபூர்வமானவர்கள், பசி வந்தால் மானம் பறந்துவிடும் என்பதுதானே நம் ஊர் அனுபவம் என்பது அடுத்த மறுப்பு. அதை நான் தள்ளிவிட மாட்டேன். பிள்ளையின் பசிக்காக அவமானத்தை விழுங்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். ஆனால் விழுங்கப்படுவது அவமானம் என்று அந்தத் தாய்க்குத் தெரிகிறது. மதிப்பின் தேவை பசியிலும் சாவதில்லை, அடக்கி வைக்கப்படுகிறது.

அதே 2020 டிசம்பரில் 30ஆம் தேதி அமைச்சர்கள் விவசாயிகளின் லங்கர் உணவைப் பகிர்ந்து உண்டார்கள். அப்போதும் வயிறு கேட்டது மாறவில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறியிருந்தார்கள். பசி எந்த எல்லையில் மானத்தை வெல்லும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆளுக்கு ஆள் அது மாறக்கூடும். அந்த எல்லை தெரியாதவரை, ரேஷன் கடையிலும் அன்னதானப் பந்தியிலும் சோற்றை முதலில் கொடுத்து மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.