வரைந்த கைக்கும் பங்குண்டு

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையின் மேலமலையில், விஜயாலய சோழீச்சுரத்துக்கு எதிரே, பாறையைக் குடைந்த இரண்டு கோயில்கள் இருக்கின்றன. சிறியது சிவனுக்கு உரிய பழியிலி ஈச்சுரம். பெரியதைச் சமணர் குடகு என்பார்கள். அதன் சுவரில் இன்று நிற்பவை 12 திருமால் உருவங்கள். முன்பு சமணருடையதாக இருந்து பின்னர் வைணவக் கோயிலான இடம் அது. வழிபாடு மாறியும் பழைய பெயர் போகவில்லை.

அந்தப் பெயருக்குரிய தமிழகச் சமணத் துறவிகள் திகம்பர வழியினர்; ஆடையையே துறந்தவர்கள். ஆனாலும் இன்றைய ஆடைத் தொழிலிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர்களைவிடக் கறாராக யாரும் கேட்டதில்லை. தானே செய்வது, பிறரைச் செய்ய வைப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது என மூன்று வழியிலும் வினை வந்து ஒட்டும் என்றது சமணம்.

அப்படியானால், ஒரு பனியனை வரைந்தவருக்கு அதன் பாவத்தில் எவ்வளவு பங்கு?

பௌத்தம் இதே சிக்கலை வேறு விதமாக அணுகியது. தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், ஐயப்படாமல் இருந்தால், பிச்சையாக வந்த ஊனைத் துறவி உண்ணலாம் என்றது. அந்த விதி நியாயமானது; ஏனென்றால் பிச்சை எடுப்பவர் எதையும் ஆர்டர் கொடுப்பதில்லை. உலகத் துணி நிறுவனங்களோ ஆர்டரையும் கொடுத்துவிட்டு, "சாயப்பட்டறையில் நடந்தது எங்களுக்குத் தெரியாது" என்று அந்தத் துறவியின் சலுகையைக் கேட்கின்றன. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கொல்பவரோடு நிற்காமல் வாங்குபவரையும் கணக்கில் சேர்த்தார். துணிக்கும் அதே கணக்குதான் பொருந்தும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வந்து சேரும் டெக் பேக்கை, அதாவது ஆடையின் தயாரிப்புக் குறிப்பேட்டை, புரட்டினால் இது விளங்கும். அளவு, துணியின் எடை, நிறம், தையல் வகை எல்லாம் அதில் இருக்கும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக அடர்த்தியாக உப்பும் கூடும். வெளிர் நீலமா, அடர் கறுப்பா என்று வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கும்போதே எத்தனை மூட்டை உப்பு கழிவுநீரில் கலக்கும் என்பதும் முடிவாகிவிடுகிறது. வளைவுகள் மிகுந்த பேட்டர்ன் என்றால் கட்டிங் வேஸ்ட் கூடும். சாம்பிளுக்குக் கடைசி நேரத்தில் ஒப்புதல் கொடுத்து, கப்பல் தேதியை மட்டும் மாற்றாமல் விட்டால், அந்த நாட்களை ஈடுகட்டுவது டெய்லரும் அவருக்கு உதவும் கைமடியும் செக்கிங் பெண்களும் பார்க்கும் இரவு வேலை. இவை எல்லாம் செய்வித்தல். வரைபவர் கண்ணில் ஒருபோதும் படாத நூற்பாலையில், கல்யாணச் செலவுக்கு மூன்றாண்டு முடிவில் மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டமும் அந்த நூலில்தான் இருந்தது. அதைக் கேட்காமல் விட்டது உடன்படுதல்.

நொய்யல் ஆறு இந்தக் கணக்கின் பற்றுச்சீட்டு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமானது. விவசாயிகள் நீண்ட காலம் வழக்காடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை அதன் பிறகே கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதிலும் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற சிக்கல் இருக்கிறது.

பட்டறைகள் மூடியபோது கூலிக்காரர்களின் அடுப்பும் அணைந்தது என்பார்கள். உண்மை, லேசாகக் கடந்து போகக்கூடிய உண்மையும் அல்ல. சமணமும் இல்லறத்தாரிடம் முனிவரின் மகாவிரதத்தைக் கேட்கவில்லை, அணுவிரதத்தைத்தான் கேட்டது. பிழைப்பில் தவிர்க்க முடியாத தீங்கு வேறு, தவிர்க்கக்கூடியது வேறு. உடைமைக்கும் ஓர் அளவு வேண்டும் என்றது சமணம். வாரத்துக்கொரு புது டிசைன் என்பது தவிர்க்கக்கூடிய வகையைச் சேர்ந்தது.

அழகுக்கு ஊற்று தேடுபவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சித்தன்னவாசல் சமணக் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது: மீன்கள், பறவைகள், எருமைகள், யானைகள், நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். அந்தத் தாமரையை டி-சர்ட்டில் அச்சிட யாருக்கும் ஆசை வரும். ஒரு மீனும் வாழ முடியாதபடி ஆற்றைக் கெடுத்த சாயத்தால் அந்தக் குளத்தை அச்சிடுவது, அதை வரைந்தவர்களை அவமதிப்பது.

வேறு வழி இருக்கிறது. ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கிய உமா பிரஜாபதி, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளால் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கும் முயற்சியை முன்னெடுத்தார். சுனாமிகா என்ற அந்தச் சின்னப் பொம்மைக்கு விலை கிடையாது; பரிசாகத்தான் தருவார்கள். கட்டிங் வேஸ்ட்டையும் அதைத் தைக்கும் கையையும் சேர்த்து யோசிக்கிற ஒருவரால்தான் அது முடிந்தது. அது பின்னலாடை இல்லை என்பது இங்கே பெரிய வேறுபாடு அல்ல.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போய்ப் பின்னலாடை வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டெக் பேக்கில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: சாயம் ஏறப்போகும் பட்டறை எது, நூல் வந்த மில் எது. கம்பெனி சொல்ல மறுத்தால் அந்த இடத்தை வெறுமையாக விட்டே அனுப்புங்கள். அது ஏன் காலியாக இருக்கிறது என்று வாங்குபவர் கேட்கட்டும்.