ஜாமீன் கையெழுத்து

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வங்கி வேலையை விடப்போகிறேன். பழைய லேப்டாப்களை மொத்தமாக வாங்கி, சரிபண்ணி, காலேஜ் பசங்களுக்கு விற்கிற தொழில். 40 லட்சம் வேண்டும். என்னிடம் 12 இருக்கிறது. மீதிக்குக் கடன், கடனுக்கு நம் வீடு. அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கப்பா கையெழுத்துப் போடணும்?"

அந்தக் கேள்வியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

வேலையை விடலாமா என்று வாயைத் திறந்தால் போதும், நண்பர்கள் ஜெஃப் பெஸோஸ் வீடியோவை அனுப்பிவிடுவார்கள். 1994-ல் அவர் நியூயார்க்கில் டி. இ. ஷா என்ற நிதி நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தார். வயது 30. இணையத்தில் புத்தகம் விற்கப்போகிறேன் என்று முதலாளியிடம் சொல்கிறார். இருவரும் சென்ட்ரல் பார்க்கில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கையில் நல்ல வேலை இல்லாத ஒருத்தனுக்கு இது இன்னும் நல்ல யோசனை என்கிறார் முதலாளி. (எனக்குப் பிடித்த ஆள் அந்த முதலாளிதான்.) பெஸோஸ் தன்னை 80 வயதுக் கிழவனாகக் கற்பனை செய்துபார்க்கிறார். முயன்று தோற்றதற்காக அந்தக் கிழவன் வருந்தமாட்டான், முயலாமல் விட்டதற்குத்தான் வருந்துவான். முடிந்தது, வேலையை விட்டாயிற்று.

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நானும் நிறைய முயன்றேன். வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவன் உட்கார்ந்திருக்கும் அறையில் வேறு யாருமே இல்லை. மனைவி இல்லை, அப்பா இல்லை. அவன் வருத்தம் ஒன்றுதான் கணக்கில் வருகிறது. தோற்றால் வருந்தப்போவது அவன் மட்டும்தானா?

1995-ல் பெஸோஸின் அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் அந்தக் கம்பெனியில் சுமார் 2,45,000 டாலர் போட்டார்கள். இந்தப் பணம் மொத்தமாகப் போக 70 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லித்தான் வாங்கினேன் என்கிறார் பெஸோஸ். நண்பர்கள் அனுப்பும் வீடியோவில் இந்தப் பகுதி இருப்பதில்லை. அவர் கதையில் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிற இடம் இதுதான்.

இன்னொரு ஆள், பால் கோகன். ஓவியராகத்தான் தெரியும். ஆனால் பாரிஸில் பங்குச்சந்தைத் தரகு வேலையில் நன்றாகச் சம்பாதித்தவர். 1882-ல் சந்தை சரிந்தது, அடுத்த வருடம் முழுநேர ஓவியர் ஆகிவிட்டார். ஐந்து குழந்தைகள். குடும்பம் மனைவி மெட்டேயின் ஊரான கோபன்ஹேகனுக்குப் போனது. அங்கே இவர் தார்ப்பாய் விற்றுப்பார்த்தார், ஓடவில்லை. மெட்டே பிரெஞ்சு டியூஷன் எடுத்து வீட்டை ஓட்டினார். 1885-ல் இவர் பாரிஸுக்குத் திரும்பிவிட்டார். 1891-ல் டஹிட்டி. (அங்கே அவர் நடந்துகொண்ட விதம் தனி அசிங்கம், அதற்குள் இப்போது போகவில்லை.)

தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் 'மாரல் லக்' கட்டுரையில் கோகன் மாதிரி ஒருவரைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். ஓவியம் வென்றால்தான் அவன் செய்ததற்கு ஒரு நியாயம் கிடைக்கும், தோற்றால் எதுவுமே இல்லை. ஆனால் கிளம்புகிற அன்று எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. வென்றாலும்கூட, கைவிடப்பட்டவர்களிடம் போய்ச் சொல்ல அவனிடம் ஒரு பதில் இல்லாமல் போகலாம் என்பதை வில்லியம்ஸும் மறைக்கவில்லை. அந்த ஓவியங்கள் எத்தனை மகத்தானவையாக இருந்தால் மெட்டேயின் டியூஷன் வருடங்களுக்கு ஈடாகும்?

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். ஒன்பது வருடமாகச் சிறுதொழில் கடன் பிரிவில் இருக்கிறேன். அடமானம் இல்லாமல் கடன் கொடுக்க அரசின் உத்தரவாதத் திட்டம் உண்டு. இருந்தாலும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்போம், நானே கேட்டிருக்கிறேன். பையனுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். "சும்மா ஃபார்மாலிட்டி சார், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு." இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கடன் வாராக்கடன் ஆனால் 2002-ம் வருடச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்கும் கட்டவில்லையென்றால் வீட்டைக் கையகப்படுத்தலாம். இதை எந்த அப்பாவிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. ஒருவர்கூடக் கேட்டதுமில்லை.

பெஸோஸ் மாதிரி உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பொங்கலுக்குப் போனபோது சொன்னேன். 60 நாள், கையகப்படுத்தல், ஏலம், எல்லாமே. அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, பேனா கொண்டா" என்றார்.

இது சம்மதமா? மகன் கேட்டு 'முடியாது' என்று சொல்லும் பழக்கமே இல்லாத மனிதர் சொல்லும் 'சரி'க்கு என்ன எடை? வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர் சொல்லும் சரிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் கிளைக்கு வந்து கையெழுத்துப் போட்ட அப்பாக்களில் பாதிப்பேர் சம்மதிக்கவே இல்லை.

அதனால் திட்டத்தை 12 லட்சத்துக்குள் சுருக்கினேன். கடன் இல்லை, வீடு இல்லை, ஒரு சின்ன அறை, ஒரே ஒரு டெக்னீஷியன். என் 80 வயதுக் கிழவன் இதற்காக என்னைத் திட்டலாம், திட்டட்டும். போனில் அப்பாவிடம் சொன்னேன், வீட்டுப் பத்திரம் வேண்டாம்ப்பா என்று. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏன்ப்பா, எங்கிட்ட வாங்குனா என்ன?" என்றார். "நான் யாருக்காகக் கட்டுனேன் அத?"

ராஜினாமாக் கடிதம் இன்னும் லேப்டாப்பில்தான் இருக்கிறது.