மறைவான தருமமும் வெளிப்படையான நீதியும்

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்னும் போதனையை நாம் அறிவோம். அரசு உழவர்க்கு வழங்கும் உதவித்தொகைக்கும் இது பொருந்துமா? பெற்றவர் பெயர்களை ஊரறிய வெளியிடுவது ஏழையின் மானத்தைக் குலைப்பதா, அவரைக் காப்பதா?

நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தும் பிரதமரின் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, 8.7 கோடி உழவர்க்கு 2,000 ரூபாய்த் தவணை ஏப்ரலிலேயே வழங்கப்படும் என மத்திய அரசு அறிவித்தது. அக்காலத்தில் பெயர்ப் பதிவும் எளிதாக்கப்பட்டது. எளிமை நல்லதே. ஆனால் அலுவலரின் கடவுச்சொல் தரகர் கைக்குச் சென்றது. வயலைப் பாராமலே பெயர்கள் ஏறின. தகுதியற்றோர் ஏறத்தாழ 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நிகழ்ந்ததாகவும் 2020 செப்டம்பரில் தமிழக வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி தெரிவித்தார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலியவற்றோடு நம் செங்கல்பட்டு மாவட்டமும் அதில் அடங்கும்.

யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை ஊரார் அறிவர். பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டிருப்பின், பொய்ப் பெயரை ஒரு மூதாட்டியே சுட்டிக்காட்டியிருப்பார். ஆனால் முறைகேடு வெளிப்பட்ட பின்னரும், அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைகள் தொற்றைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டன.

தருமம் செய்பவர் தம் உடைமையிலிருந்து கொடுக்கிறார். அதனை மறைப்பது அவருடைய பணிவு. அரசோ பொதுவானதைப் பகிர்கிறது. புனித அக்குவினாஸ் தோமையார் இதனைப் பகிர்வு நீதி என்பார். திருத்தூதர் பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தம் பொறுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், சபைகள் தேர்ந்த ஒருவரை உடன் சேர்த்துக்கொண்டார். தம் நேர்மையில் ஐயங்கொண்டு அன்று. பிறர் ஐயுற இடம் தரலாகாது என்றே அவ்வாறு செய்தார்.

மானத்தைக் காக்கவும் வழியுண்டு. பெயரும் ஊரும் தொகையும் வெளிப்படட்டும். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் மறைவாக இருக்கட்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை எவரும் கேளாமலே வெளியிடப் பணிக்கிறது. பட்டியல் வெளிப்பட்டால் அதில் இல்லாதவர் யார் என்பதும் புலப்படும். திருவிடந்தையிலாயினும் வேறெங்காயினும், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. வியர்வை சிந்தியவர் வெளியே நிற்க, வயலையே காணாதவர் உள்ளே புகுந்தார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தகுதியற்றோர் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பெறப்பட்டது. அவர்களுள், கொரோனா நிவாரணம் என்ற சொல்லை நம்பித் தரகரிடம் ஆதாரைக் கொடுத்த எளியோரும் இருந்தனர். நல்லெண்ணத்தோடு பெற்று உண்டு தீர்த்தவரின் கடனும், அறிந்தே ஏமாற்றியவரின் கடனும் ஒன்றல்ல என்பது அறநெறி இறையியலின் பழம் பாடம். இருவரையும் பிரித்தறியவும் வெளிப்படையான கணக்கே வேண்டும்.

ஆகவே, அன்பு வாசகரே, அடுத்த கிராம சபையில் பயனாளிகள் பட்டியலை வாசிக்கக் கேட்போம். அது பிறர்மீது கொள்ளும் சந்தேகம் அன்று. பொதுப் பணத்தின்மீதும் ஏழையின்மீதும் நமக்குள்ள கடமை.