நாலாம் சாமம்

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடிக்க வேண்டும், பெரியம்மாவைப் பற்றி நாலு வரி எழுதித் தா என்று அண்ணா கேட்டார். பிறந்த ஊர் மானிப்பாய். தாய் தகப்பன் பேர், கணவர் பேர், பிள்ளைகள் மூவர், பேரப்பிள்ளைகள் ஏழு பேர். எல்லாம் எழுதியாயிற்று. ‘இலண்டனில் 34 ஆண்டுகள் தாதியாகக் கடமையாற்றினார்’ என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த 34 ஆண்டுகளில் பெரும்பகுதி இரவு வேலை.

சிவராத்திரிக்கு நாங்கள் வருடத்தில் ஒரு நாள் விழித்திருக்கிறோம். முதல் இரண்டு சாமமும் கூட்டத்தோடும் மேளத்தோடும் போய்விடும். நாலாம் சாமத்தில்தான் கண் எரியும், முதுகு தூணைத் தேடும். பெரியம்மா கிழமைக்கு நாலு இரவு அந்தச் சாமத்தைத் தாண்டியவர். “விடிய மூண்டு நாலு மணிதான் பிள்ளை பொல்லாத நேரம். வருத்தக்காரர் பயந்து முழிக்கிறது அப்பதான். ஆரும் பக்கத்தில இருக்கினமோ எண்டு கை தேடும்” என்பார்.

அவருடைய சீருடையில் நெஞ்சுப் பக்கம் சிறிய கடிகாரம் ஒன்று தலைகீழாகத் தொங்கும். எதிரே நிற்பவருக்கு எண்கள் கவிழ்ந்து தெரியும். குனிந்து பார்க்கும் அவருக்கு நேராகத் தெரியும். நாடி பிடிக்க முன் இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்குவார். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அந்தச் சூட்டை என் மணிக்கட்டு அறிந்திருக்கிறது. உதடு அசையாமல் எண்ணுவார். அந்த அரை நிமிடமும் அவர் முகத்தில் வேறொன்றும் இராது. கற்பூர தீபத்தின் முன்னால்கூட என் மனம் அப்படி ஒன்றி நின்றதில்லை.

திலகவதியாரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதனால்தான். சூலை நோயால் துடித்த தம்பி மருள்நீக்கியார் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்காவின் காலில் விழுகிறார். அவர் தம்பியைக் கடிந்துகொள்ளவில்லை. திருநீறு கொடுக்கிறார். விடியுமுன் துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் புறப்படும்போது தம்பியையும் கூட்டிப்போகிறார். அந்தத் தம்பிதான் அப்பர். பிற்காலத்தில் உழவாரப்படையோடு ஊர் ஊராய்ப் போய்க் கோவில் வீதிகளில் புல் செதுக்கியவர். அவர் கைத்தொண்டு அக்காவின் துடைப்பத்தில்தான் தொடங்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது. நோயாளிக்கு அருகில் இருப்பதும் கோவில் முற்றம் கூட்டுவதும் அந்த வீட்டில் வேறு வேறு வேலைகளாக இருக்கவில்லை.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848இல் தொடங்கிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் பெரியம்மாவின் வீடு. தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மனிதர் கிறீன். அந்த வாசலைப் பார்த்து வளர்ந்த பெண் 1971இல் இலண்டனுக்கு விமானம் ஏறினார். கையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு முருகன் படம். அந்நாளில் பிரித்தானியாவில் தாதியர் பயிற்சிக்கு இரண்டு வழிகள்: ஒன்று மூன்று வருடம், மற்றது இரண்டு வருடம். மூன்று வருடம் படித்தவர்களுக்குத்தான் மேலே போக வழி உண்டு. கரிபியனிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் போன பெண்கள் பலரை, வித்தியாசத்தைச் சொல்லாமலே, இரண்டு வருடப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் சேர்ந்தார். அவர் வேலை பழக்கிய பெண்கள் அவருக்கு மேலதிகாரியாக வந்தார்கள். அது அநியாயம். அவர் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக அதை நியாயமாக்க மாட்டேன். ஒருமுறை கேட்டபோது, “வருத்தக்காரனுக்கு என்ரை பதவி தெரியாது பிள்ளை. கை சூடோ குளிரோ எண்டதுதான் தெரியும்” என்றார். தனக்கு நேர்ந்த குறையை அவர் இன்னொருவரின் உடம்பில் இறக்கிவைக்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பெரியம்மாவின் ஈஸ்ட்ஹாம் வீட்டில் ஒரு காலத்தில் பதினொரு பேர் படுத்தெழும்பினோம். இரவு வேலை முடித்து வந்து, கோட்டைக் கழற்றாமலே புட்டுக்கு மாக் குழைப்பார். எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார். சம்பளம் வந்தால் ஊருக்கு உண்டியலில் காசு போகும். யாருக்கு எவ்வளவு என்பது அவருக்கும் முருகனுக்கும் மட்டுமே தெரியும். 1987இல் தீபாவளி நாளன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு ஒக்ரோபர் 21ஆம் திகதியும் சாமித்தட்டில் ஒரு விளக்கு கூடுதலாக எரிந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகாதவர்களுக்கு என்றார்.

ஒரு வழக்கத்தை அவர் இலண்டன் ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த ஆங்கிலேயத் தாதியிடம் பழகியிருந்தார். ஒருவர் உயிர் பிரிந்ததும் யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுவது. பிறகுதான் உடம்பைத் துடைத்து, தலைவாரி, உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோல “இப்ப மற்றப் பக்கம் திருப்பப்போறன் ஐயா” என்று சொல்லிச் சொல்லிச் செய்வார். வாய்க்குள் சிவசிவ என்பார். “அவர் எந்தச் சமயமோ, வழியனுப்ப ஒரு ஆள் வேணும்தானே?”

இந்த மாசியில், விடிய நாலு மணிக்குக் கொஞ்சம் முன், பெரியம்மாவின் கட்டிலருகே கேரளத்துப் பெண் ஒருத்தி வேலையில் இருந்தாள். உள்ளங்கைகளை உரசிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நெஞ்சில் தொங்கிய கடிகாரத்தைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

யன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன். இப்போதைய ஆஸ்பத்திரி யன்னல்கள் முழுதாகத் திறப்பதில்லை. நாலு விரல் அகலம்தான் நகர்ந்தது. குளிர் உள்ளே வந்தது. அண்ணா திருநீறு பூசிவிட்டார். கையில் இன்னும் சூடு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தோம்.